ஷட்டரைப் பற்றி ஏழு பக்கங்கள்

புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தில் அவன் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றெட்டாம் பக்கத்திலிருந்து நூற்று நான்காம் பக்கம்வரை அவள் எழுதியிருந்ததைக் காணோம்.

அவன் மறுபடி மேலிருந்து கீழாகத் தேடினான். அச்சகத்தில் பக்கம் அமைக்கிற வேலை அவனுடையது. தொலைந்த பக்கங்களைத் தேடிப் பிடிப்பது அவனுக்குப் பழக்கம்தான். சில நேரம் கோப்பின் கடைசியில் போய் ஒளிந்திருக்கும். சில நேரம் ஒரே பக்கம் இரண்டு முறை வந்து உட்கார்ந்திருக்கும். இது அப்படியில்லை. குழு அனுப்பிய இறுதிக் கோப்பில் தொண்ணூற்றேழாம் பக்கத்தோடு நூலகத் திறப்பு விழா முடிந்தது. அடுத்த பக்கமே பூங்கா. நடுவில் ஏழு பக்கங்களை வெட்டி எடுத்த அடையாளம்கூட இல்லாமல் ஒட்டித் தைத்திருந்தார்கள். பூங்கா அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு வரி மட்டும் புதிதாக முளைத்திருந்தது. "பெருமழை ஆண்டில் இயற்கையின் சீற்றத்தால் கடைசித் தெரு பாதிக்கப்பட்டது, பின்னர் அவ்விடம் பூங்காவாக மலர்ந்தது."

மலர்ந்ததாம்.

அவன் ஐந்தாம் பக்கத்துக்குத் திரும்பினான். "இந்நூலுக்கு வித்திட்ட எங்கள் அன்பு மகளுக்கு" என்று மேலே கொட்டை எழுத்து. கீழே அவள் படம். ஏதோ கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் நறுக்கி எடுத்திருந்தார்கள். சரியாக நறுக்கவில்லை. அவள் தோளின்மேல் ஒரு கை இன்னும் இருந்தது, கடிகாரம் கட்டிய கை. அவன் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான். அதே கடிகாரம்.

அச்சக முதலாளி பின்னால் வந்து நின்று, என்னப்பா ஆச்சு என்றார். ஏழு பக்கம் குறைகிறது என்றான். குழு கொடுத்ததை அடிப்பதுதான் நம் வேலை, செவ்வாய்க்கிழமை காலை அச்சுக்குப் பிளேட் போட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று வெள்ளிக்கிழமை.

பதினோரு மாதத்துக்கு முன் அவள் நூலகத்தில் புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்றபடி சரிந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வயது இருபத்தொன்பது. அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டு அழவில்லை. கல்லு மாதிரி இருக்கான் பாரு என்று அவன் காதுபடவே பேசினார்கள். அவனுக்கே அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், வந்தான், படுத்தான். இப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே எதுவோ சூடாக ஏறியது. அது கோபம் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவ்வளவு நாளாகிவிட்டது எதையும் உணர்ந்து.

இந்த வரலாற்றுப் புத்தகமே அவளுடைய கிறுக்கு. மூன்று வருடத்துக்கு முன் இருவரும் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது பெஞ்சுக்கு அடியில் ஒரு கல்லைப் பார்த்தாள். நடுவில் தேய்ந்த வாசற்படிக் கல். பூங்காவுக்குள் யாருடைய வாசற்படி இது என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்களைக் கேட்டாள். கேட்டவர்கள் எல்லாரும் திடீரென்று வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவு போதும் அவளுக்கு. கிளை நூலகத்தில்தான் அவளுக்கு வேலை. வருகிறவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துப் பழைய கதை கேட்டாள். பழைய படங்களை வாங்கிப் பிரதி எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். குடியிருப்போர் சங்கம் அதைப் பார்த்துவிட்டு, ஐம்பதாம் ஆண்டுக்கு ஒரு புத்தகம் போடலாமே என்று குழு அமைத்தது. குழுவுக்குத் தலைவர் அவன் மாமனார், அவளுடைய அப்பா. ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். நேரம் தவறாதவர், கையெழுத்து அழகானவர், ஒரு காகிதத்தையும் கிழித்துப் போடாதவர்.

புத்தகத்துக்கு ஒரு விதி இருந்தது. அந்த விதியைப் போட்டவளும் அவள்தான். காரணம், ஆளாளுக்கு அளந்துவிட்டார்கள். குடியிருப்பின் முதல் வீடு தங்களுடையது என்று பதினொரு குடும்பம் சொன்னது. பேருந்து நிறுத்தத்து மரத்தை நட்டவர்கள் மட்டும் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆளுக்கொரு குடம் ஊற்றியிருந்தால் அந்த மரம் அன்றைக்கே அழுகியிருக்கும் என்று அவள் சிரித்தாள். அதனால் எந்த விஷயமானாலும் கண்ணால் பார்த்த மூன்று பேர் தங்கள் கையாலேயே படிவம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால்தான் புத்தகத்தில் ஏறும் என்று வைத்தாள். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஷட்டர் விஷயம் நியாயத்துக்குள் அடங்குகிற விஷயமாக இல்லை. குடியிருப்புக்கு வடக்கே ஏரி. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கால்வாயில் வரும். ஓரிடத்தில் கால்வாய் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை மேல் தெருக்களை ஒட்டிப் போய் ஆற்றில் விழும். இன்னொன்று பள்ளத்துப் பக்கம் போகும். பள்ளத்தில் இருந்தது கடைசித் தெரு, முப்பத்தெட்டு வீடு. இந்தக் குடியிருப்பைக் கட்டிய கொத்தனார்களும் சித்தாட்களும், கட்டி முடித்த பிறகு எங்கேயும் போகாமல் தங்கிவிட்ட தெரு. கால்வாய் பிரிகிற இடத்தில், மேல் தெருக் கிளைக்குக் குறுக்கே, தண்ணீரை அடைக்க ஏற்றி இறக்குகிற ஓர் இரும்பு ஷட்டர். இருபத்தாறு வருடத்துக்கு முன் பெருமழையின் இரண்டாம் நாள் மதியம், மேல் தெருக்காரர்கள் நான்கு பேர் போய் தங்கள் பக்கத்து ஷட்டரை இறக்கினார்கள். தண்ணீர் மொத்தமும் பள்ளத்துக்குப் போனது. படுத்த படுக்கையாக இருந்த ஒரு கொத்தனாரும், அவரைத் தூக்கப் போன அவர் மருமகளும் செத்தார்கள். மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். இரண்டு வருடத்தில் அங்கே பூங்கா வந்தது.

இதைத்தான் அவள் ஏழு பக்கத்தில் எழுதியிருந்தாள். நான்கு பேரின் பெயரைப் போடவில்லை. திட்டவில்லை. யார் எங்கே நின்றார்கள், தண்ணீர் எந்த ஜன்னல்வரை வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, அவ்வளவுதான். ஊரெல்லாம் அலைந்து, கடைசித் தெருவிலிருந்து சிதறிப் போன ஏழு பேரைத் தேடிப் பிடித்துப் படிவம் வாங்கியிருந்தாள். மேல் தெருவிலேயே பார்த்த இரண்டு பேரிடமும் வாங்கியிருந்தாள், ஓய்வுபெற்ற தபால்காரரும் தையல் கடைக்காரம்மாவும். மொத்தம் ஒன்பது.

மாமனாருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். ஏழு பக்கம் எங்கே என்றான். நாளைக்குச் சாயங்காலம் கூட்டம் இருக்கு, அங்கே பேசிக்கலாம் மாப்பிள்ளை என்று அவர் பதறாமல் சொன்னார். வண்டி தாமதம் என்று அறிவிக்கிற குரல்.

கூட்டம் நூலகத்தின் மாடியில். குழுவில் ஐந்து பேர். மாமனார் நடுவில். அவருக்கு வலப்புறம் ஒரு கணக்கு டீச்சர். இடப்புறம் "மைக்". எந்தக் கூட்டத்திலும் ஒலிவாங்கியை முதலில் பிடுங்கிக்கொள்வதால் வந்த பெயர், அவருக்கும் அது பிடித்துவிட்டது. மற்ற இருவரில் ஒருவர் தூங்குவார், ஒருவர் தலையாட்டுவார். ஷட்டரை இறக்கிய நான்கு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை, நான்காமவர் மகனோடு வெளிநாட்டில். இல்லாத மூவரில் ஒருவர் மைக்கின் அப்பா.

மைக் படிவக் கட்டைத் தயாராக வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் போட்டார், சீட்டுக் கட்டு பிரிப்பது மாதிரி.

"பாருங்க தம்பி. ஏழு ஃபாரத்துல கதவு எண் கட்டம் காலி. கதவு எண் இல்லன்னா குடியிருப்புக்காரங்க இல்ல. வெளியாள் சொல்றத எடுக்க முடியுமா? மீதி ரெண்டுதான். வேண்டியது மூணு. ரூல் போட்டது நாங்க இல்ல, உங்க வீட்டுக்காரம்மா."

அவன் குனிந்து பார்த்தான். ஏழு படிவங்களிலும் அந்தச் சின்னக் கட்டம் வெள்ளையாக இருந்தது. ஒருவர் மட்டும் அதில் ஒரு கோடு போட்டிருந்தார். இடித்துத் தள்ளிய வீட்டுக்கு என்ன எண் போடுவார்கள்?

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தக் கட்டத்தைப் போட்டவன் அவன். படிவத்தை அவன்தான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தான். அவள் கேட்டது நான்கே நான்கு. பெயர், வயது, பார்த்தது என்ன, கையெழுத்து. வலது மூலை மொட்டையாக இருக்கிறதே என்று அவன்தான் ஒரு கட்டம் வரைந்து கதவு எண் என்று எழுதினான். இது எதுக்கு என்றாள். தெரு வாரியாக அடுக்கலாம், அழகாகவும் இருக்கும் என்றான். சரி, இருந்துட்டுப் போகட்டும் என்றாள். மூலை மொட்டையாக இருக்கக் கூடாதென்று ஒரு தெருவையே வெளியே தள்ளியிருந்தான்.

அந்தக் கட்டம் அவளுடையது இல்லை, நான் போட்டது, அடுக்குவதற்காகப் போட்டது என்று அவன் எழுந்து நின்று சொன்னான். தலையாட்டுகிறவர் தலையாட்டினார்.

"கட்டத்தை யார் போட்டா என்ன தம்பி, கட்டம் இருக்குல்ல?" என்றார் மைக்.

அவன் மாமனாரைப் பார்த்தான். உங்களுக்கு நடந்தது தெரியும், அப்போது சங்கத்துக்கு நீங்கள்தானே செயலாளர் என்றான். அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை, என் கண்ணால் பார்க்காததற்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார் அவர். திங்கட்கிழமை சாயங்காலம் குழு கடைசியாகக் கூடும். அதற்குள் கதவு எண்ணோடு ஒரு படிவம் வந்தால் ஏழு பக்கமும் ஓர் எழுத்து குறையாமல் ஏறும். வராவிட்டால் இல்லை. மகள் செத்து ஒரு வருடம்கூட ஆகாத மனிதர் ரயில் அட்டவணை வாசிப்பது போல் இதைச் சொன்னார். அவன் மேசையைக் கவிழ்த்திருப்பான். கணக்கு டீச்சர் ஒரு படிவத்தைக் கையில் எடுத்து மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துத்தான் அடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வீடு வீடாகப் போனான். அழைப்பு மணியை அழுத்தினான், படிவத்தை நீட்டினான். மேல் தெருக்களில் அந்த மழையைப் பார்த்தவர்கள் முப்பது நாற்பது பேராவது இருப்பார்கள். ஒரு வீட்டில் அன்றைக்கு ஜன்னல் சாத்தியிருந்ததாம். இன்னொரு வீட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் காய்ச்சலாம். ஒருவர் மழையே பெரிதாக இல்லை என்றார். இரண்டு பேர் செத்தார்களே என்றான். அது வயசாகி என்றார். அந்த மருமகளுக்கு இருபத்திரண்டு வயது என்றான். அவர் கதவைச் சாத்தவில்லை, மரியாதைக்காரர். உள்ளே போன் அடிக்கிறது என்று போய்விட்டார். எந்தப் போனும் அடிக்கவில்லை.

கடைசியாக ஒரு பல் டாக்டர் வீடு. டாக்டரின் மனைவி அவனைப் பார்த்ததும் கண் கலங்கினார். நூலகத்துக்குத் தினமும் போனவர். உட்காரச் சொன்னார், டீ கொண்டுவந்தார், பேனாவை எடுத்தார்.

"எங்க கையெழுத்து போடணும், சொல்லுங்க தம்பி. அந்தப் பொண்ணுக்காக நான் போடறேன்."

அக்கா, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டான்.

"நாங்க இங்க வந்தே பதினஞ்சு வருஷம்தான். அதுல என்ன இருக்கு? யாரு பாக்கப் போறா?"

அவன் படிவத்தைப் பார்த்தான். கதவு எண் கட்டத்தில் அவர் ஏற்கனவே அழகாக எழுதியிருந்தார். இன்னும் ஒரு கையெழுத்து. மைக்கின் முகத்தில் தூக்கி எறியலாம். அவன் விரல் படிவத்தின் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தது. ஒன்பது மரக்காரர்களின் ஞாபகம் வந்தது. படிவத்தை மெல்ல இழுத்து நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தான், அவரைப் புண்படுத்த மனமில்லை. தெருவுக்கு வந்ததும் ஒரு வீட்டுச் சுவரைக் காலால் உதைத்தான். கால்தான் வலித்தது.

திங்கட்கிழமை மதியம் வேலையிலிருந்து நேராக மாமனார் வீட்டுக்குப் போனான். கேட்க ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. கேட்டுவிட்டு உறவையே முறித்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மாமியார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மாமனாரின் மாத்திரைகளை வாரத்துக்கு ஏழு குழி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூட்டு வலிக்காரர், எழுந்திருக்கவில்லை.

"வாங்க மாப்பிள்ளை. மாமா ரத்தம் டெஸ்ட் குடுக்கப் போயிருக்காங்க. உக்காருங்க."

"உக்கார வரல அத்தை. அவர்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். பொண்ணு போட்டோ வேணும், பொண்ணு எழுதினது வேண்டாமா?"

அவர் வியாழக்கிழமைக் குழியில் ஒரு வெள்ளை மாத்திரையைப் போட்டார். பிறகு, இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். ஒருத்தர் என்றான். யாரும் வரமாட்டேன் என்கிறார்களா என்றார். எல்லாருக்கும் அன்றைக்குக் காய்ச்சல் என்றான். அவர் டப்பாவின் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினார்.

"அந்த ஷட்டர் சுத்தறதுக்கு ஒரு கைப்பிடி இருக்கும், பெருசா, இரும்புல. அது எங்க இருந்துச்சுன்னு அவ எழுதியிருக்காளா?"

செயலாளர் பொறுப்பில் இருந்தது என்று எழுதியிருக்கிறாள், அதற்கு மேல் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்றான்.

"அடுப்படியில ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. பசங்க எடுத்து விளையாடக் கூடாதுன்னு மாமா இங்க கொண்டுவந்து வெச்சாங்க. அன்னிக்கு மாமா ஊர்ல இல்ல, அவங்க சொன்னது நிஜம்தான். ரயில் நடுவழியில நின்னு போய் ரெண்டு நாள் கழிச்சு வந்தாங்க. நாலு பேர் நனைஞ்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்னாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமலா கொடுத்தீர்கள் என்றான்.

"தெரியும். தெரியாதுன்னு சொன்னா எனக்கும் நல்லாத்தான் இருக்கும். ஆனா தெரியும் மாப்பிள்ளை. மூடப் போறோம்னு சொல்லித்தான் கேட்டாங்க. கூடத்துல முழங்கால் தண்ணி. உங்க வீட்டுக்காரி கட்டில் மேல உக்காந்துக்கிட்டு, செருப்பு மிதக்கறதப் பாத்துக் கை தட்டிட்டிருந்தா. மூணு வயசு. நான் யோசிக்கவே இல்ல. எடுத்து நீட்டிட்டேன்."

இரண்டு நாளாக மாமனாரின்மேல் குவிந்திருந்த கோபம் சட்டென்று போக இடமில்லாமல் நின்றது. அந்த மனிதர் விதியைக் கட்டிக்கொண்டு அழுதது எதற்கென்று இப்போது புரிந்தது. புரிந்ததில் கோபம் குறையவில்லை. ஆள்தான் மாறியது.

அவளுடைய ஒலிப்பதிவுகள் அவனிடம்தான் இருந்தன. மாமியாரோடு பேசிய பதிவு இரண்டு முறை, நான்கு மாத இடைவெளியில். இரண்டிலும் அவள் கேட்கிறாள், அம்மா, ஷட்டர் மூடினாங்களே அன்னிக்கு நீ எங்க இருந்த? இரண்டிலும் ஒரே பதில், எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நான் அடுப்படியில இருந்தேன். அதைக் கேட்டு அவன் சிரித்திருக்கிறான்.

"அவ உங்ககிட்ட கேட்டா அத்தை. ரெண்டு தடவை."

"கேட்டா."

"நீங்க சொல்லல."

"என்னன்னு சொல்றது? அங்க ரெண்டு பேரு போனாங்க, அதுல நீ நனையாம இருந்தேன்னு சொல்லவா? வயித்துல பொறந்ததுகிட்ட எப்படிச் சொல்றது? அவ அத தாங்குவாளா?"

"தாங்கியிருப்பா." அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "உங்களாலதான் தாங்க முடியாது. அவ ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சா. வெயில்ல, பஸ்ல, யார் யார் வீட்டுப் படியிலயோ உக்காந்து. பதில் அவ அம்மா வீட்டு அடுப்படியில இருந்திருக்கு. கைப்பிடிய யார் எடுத்துக் குடுத்தாங்கன்னு தெரியலயேன்னு என்கிட்ட புலம்பிட்டே செத்துப்போனா."

ஒரு மருமகன் மாமியாரிடம் பேசுகிற பேச்சில்லை அது. மாமியார் அழவில்லை. மாத்திரை டப்பாவை ஓரமாகத் தள்ளினார்.

"அப்படியும் வெச்சுக்கலாம்," என்றார். "அந்த ஃபாரத்தக் குடுங்க."

படிவத்தின் ஒரு பக்கம் போதவில்லை. பின்பக்கமும் எழுதினார். அதுவும் போதாமல் இன்னொரு தாள் கேட்டார். அவன் எடுத்துக் கொடுத்தான். முக்கால் மணி நேரம் அவன் உட்காராமல் நின்றான். இடையில் ஒருமுறை தலை நிமிர்ந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். தொண்டை வறண்டுதான் இருந்தது.

சாயங்காலம் கூட்டத்துக்கு அவரும் வந்தார். மாடிப்படி ஏற முடியாமல் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார். அவன் கூடவே ஏறினான், கை கொடுக்கவில்லை. குழுவுக்கு எதிரே போட்டிருந்த நாற்காலிகளில் கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்தார். மாமனார் அவரைப் பார்த்தார். பிறகு அவன் நீட்டிய தாள்களைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எதுக்கு?" என்று கேட்டார். அவனைக் கேட்கவில்லை. "இருபத்தாறு வருஷம் வாயைத் திறந்தேனா? உன்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டேனா? பொத்திப் பொத்தித்தானே வெச்சேன்."

"யாருக்காக வெச்சீங்க?" என்றார் மாமியார். "அவளே இல்ல."

தூங்குகிறவர் விழித்துக்கொண்டார். மாமனார் தாள்களைப் படிக்கவில்லை. ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தி, கணக்கு டீச்சர் பக்கம் நகர்த்தினார். டீச்சர் சத்தமாகப் படித்தார். வகுப்பில் கணக்கைப் படிக்கிற குரல்தான், ஏற்ற இறக்கம் இல்லை. ஆணி, கைப்பிடி, நான்கு பேர், நேரம், கூடத்தில் எவ்வளவு தண்ணீர், கட்டிலில் குழந்தை. மறுநாள் கடைசித் தெருவிலிருந்து இரண்டு உடல்களை எடுத்துப் போனதைத் தன் மாடியிலிருந்து பார்த்தது. கடைசி வரியில் டீச்சரின் குரல் ஒரு கணம் தயங்கியது. "என் மகள் கேட்டபோது தெரியாது என்று சொன்னேன். அது பொய்."

மைக் தொண்டையைச் செருமினார்.

"எங்க அப்பா பேரு இருக்குங்களா டீச்சர் அதுல?"

இல்லை, நாலு பேர் என்றுதான் இருக்கிறது என்றார் டீச்சர்.

"அப்ப சரி. எனக்கு ஆட்சேபணை இல்ல."

டீச்சர் முதலில் கை தூக்கினார். மைக் தூக்கினார். தலையாட்டுகிறவர் தலையை ஆட்டிவிட்டுக் கையையும் தூக்கினார். தூங்குகிறவர் எதற்கு என்று பக்கத்தில் கேட்டுவிட்டுத் தூக்கினார். மாமனாரின் கை கடைசியாக, தோள்வரை எழுந்து இறங்கியது. டீச்சர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மைக் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வெளியீட்டு விழாவுக்கு ஒலிபெருக்கி யாரிடம் சொல்வது, போன தடவைக்காரன் கரகரவென்று ஒன்றைக் கொண்டுவந்து மானத்தை வாங்கிவிட்டான், இந்தத் தடவை நானே நேரில் போய்ப் பார்த்து எடுக்கிறேன்.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மொத்தமே ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அவள் இரண்டு வருடம் அலைந்தது. ஒரு தெரு இருந்த இடம் தெரியாமல் போனது. ஒன்பது நிமிடம், ஐந்து பேருக்குக் கை வலிக்காமல். எழுந்து ஏதாவது கத்த வேண்டும் போலிருந்தது. என்ன கத்துவது? அவன் கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். இனி கோபப்படக்கூட உரிமையில்லாத மாதிரி, ஏழு பக்கத்தையும் கையில் கொடுத்து, சரிதானே தம்பி என்று சிரிக்கிறார்கள்.

ஐந்தாம் பக்கத்தை எடுக்கச் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தான். மாமனாரைப் பார்த்தான். அவர் கண்ணாடியைப் போடாமல் மேசையில் வைத்து, அதன் காலை மடக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். பெண்டாட்டியைக் காப்பாற்றப் பெண் எழுதியதை வெட்டிய மனிதர். அவனுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. ஆனாலும் அதைக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னான். அந்தப் படத்தைச் சரியாக நறுக்கவில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

கீழே இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மாமனார் கூட்டத்தில் இருந்துவிட்டார். மாமியார் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவனுக்காகத்தான் நிற்கிறார் என்று தெரிந்தும் அவன் தாண்டி நடந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை. அந்தப் பதிவுல அவ குரல் இருக்குல்ல? என்கிட்ட கேக்கறாளே, அது. ஒரு தடவை போட்டுக் காட்டறீங்களா?"

அவன் திரும்பவில்லை.

"மாட்டேன் அத்தை."

"சரி," என்றார். சற்றுப் பொறுத்து, "நியாயம்தான்," என்றார்.

அவன் மேலே நடந்தான். இன்று ராத்திரி ஏழு பக்கத்தையும் மறுபடி ஏற்ற வேண்டும், பூங்கா அத்தியாயத்தில் அந்த மலர்ந்த வரியை எடுக்க வேண்டும், பக்க எண்களை மாற்ற வேண்டும். ஷட்டர் அத்தியாயத்தின் முடிவில் சாட்சிகளோடு மாமியாரின் பெயரையும் சேர்க்க வேண்டும். அந்தப் பெயரைத் தன் விரலால் தட்டச்சுச் செய்ய வேண்டும் என்று நினைத்தபோதே பல்லைக் கடித்துக்கொண்டான்.

தெரு முனையில் சாக்கடை மூடியின் பலகைக்கல் உடைந்து பாதி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது. நல்ல கால் உள்ளவர்கள் தாண்டிப் போனார்கள். அவனும் தாண்டினான். தாண்டிய பிறகு காது தானாகப் பின்னால் போனது. செருப்பை இழுத்து இழுத்து, நின்று நின்று வருகிற சத்தம்.

அவன் நின்றான். கோபம் அப்படியே இருந்தது, ஓர் இழை குறையவில்லை. உடைந்த கல்லைத் திரும்பத் தாண்டி வந்து, மாமியாரின் முகத்தைப் பார்க்காமல், முழங்கையை மட்டும் அவர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான்.